எம்சி எஸ் 3.5/135: 'சோனார்' என்ற பெயரைத் தொலைத்த சோனார்

பழைய கேமரா சாமான் விற்கிற தளங்களில் கார்ல் ஸைஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 135 மி.மீ. லென்ஸ் தேடினால், அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் கறுப்பு லென்ஸ்கள் வெவ்வேறு பெயர்களில் வரும். ஒன்றின் முன்வளையத்தில் 'கார்ல் ஸைஸ் யேனா, எம்சி சோனார்' என்று முழுதாக இருக்கும். யேனா ஊர்ப்பெயர், எம்சி பூச்சைக் குறிப்பது, சோனார் லென்ஸ் வகையின் பெயர். இன்னொன்றில் சோனார் சுருங்கி 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தாகியிருக்கும். வேறு சிலவற்றில் கார்ல் ஸைஸும் காணாமல் போய், 'ஔஸ் யேனா', அதாவது 'யேனாவிலிருந்து' என்று மட்டும் நிற்கும். முழுப்பெயர் உள்ளதற்குக் கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. கொடுக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒரே லென்ஸ்: மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள், 3.5 முதல் 22 வரை அபர்ச்சர் (ஒளி புகும் துளை), 49 மி.மீ. ஃபில்டர், இழுத்து நீட்டும் ஹூட் (வெயில் மறைப்பு).

அந்த வளையம் சொல்வது தரத்தை அல்ல. எந்தச் சந்தைக்குப் போக அந்த லென்ஸ் செய்யப்பட்டது என்பதை.

விஷயம் ஒரு பங்காளி வழக்கு. கார்ல் ஸைஸ் 1846-ல் யேனா நகரில் பட்டறை தொடங்கினார். 1889-ல் அவருடைய கூட்டாளி எர்ன்ஸ்ட் அப்பே ஏற்படுத்திய அறக்கட்டளையின் கைக்கு நிறுவனம் போனது. 1945 ஏப்ரலில் யேனாவைப் பிடித்த அமெரிக்கப் படை, ஊரை சோவியத் படையிடம் ஒப்படைக்கும் முன் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் மேற்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் 1946-ல் ஓபர்கோஹன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். யேனாவில் எஞ்சியிருந்த இயந்திரங்களில் பெரும்பகுதியை சோவியத் யூனியன் கழற்றிக்கொண்டு போனது; 1948-ல் தொழிற்சாலை அரசுடைமை ஆனது. ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் ஊரும் கட்டடமும். 'நான்தான் அசல்' என்று இரு தரப்பும் சொல்ல நியாயம் இருந்தது. இதில் எந்தத் தரப்பும் போலி அல்ல.

நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறியதற்கும் அதுதான் காரணம். பிரிட்டனில் யேனா தரப்பு 1955-ல் வழக்குப் போட்டது. கிழக்கு ஜெர்மனியைப் பிரிட்டன் அங்கீகரிக்காதபோது, அந்த அரசின் கீழுள்ள நிர்வாகம் வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்க முடியுமா என்ற முதல் கேள்விக்கே விடை 1966-ல்தான் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் கிடைத்தது. முடியும் என்றார்கள். பெயர் யாருக்கு என்பது அதற்கப்புறம்! அமெரிக்காவில் 1968-ல் ஓபர்கோஹன் ஜெயித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கடைசியில் 1971-ல் லண்டனில் உடன்பாடு கண்டு சந்தைகளைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சோவியத் முகாம் நாடுகளில் மேற்கத்திய ஸைஸ் 'ஓப்டன்' என்ற பெயரில் விற்றது. மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா போன்ற இடங்களில் யேனா தன் பெயரை மறைத்துக்கொண்டது. பிரிட்டனில் ஊர்ப்பெயரோடு இரண்டும் இருந்தன. உடன்பாட்டுக்கு முன்பே, ஐம்பதுகளிலிருந்தே, யேனா ஏற்றுமதிக்கு லென்ஸ் வகைகளின் பெயரைச் சுருக்கி வந்தது: டெஸ்ஸார் 'டி', பயோட்டார் 'பி', சோனார் 'எஸ்'.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய யேனா லென்ஸ்களில் சிவப்பு 'டி' இருந்தால் அது ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் குறிப்பது. அந்தப் பூச்சை 1935-ல் யேனாவில் உருவாக்கியவர் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா. வெள்ளை 'டி' டெஸ்ஸார். பிற்கால மேற்கத்திய லென்ஸின் 'டி நட்சத்திரம்' பலபடிப் பூச்சு. யேனாவில் அதற்கு இணையான குறி 'எம்சி'. டெஸ்ஸார் 'டி'யைக் காட்டி டி நட்சத்திரப் பூச்சு என்று விற்பவர் அறியாமல் செய்யலாம், அறிந்தும் செய்யலாம்.

இனி வாங்குவது. முதலில் மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் முறை. நாம் பேசும் லென்ஸ் எம்42 திருகு: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. வளையத்தில் 'பிரக்டிகார்' என்றிருந்தால் அது 1979-க்குப் பிந்தைய பிரக்டிகா பி பயனெட் (திருகாமல் செருகிப் பூட்டும் வகை). எம்42 அடாப்டரில், அதாவது லென்ஸை வேறு கேமராவில் பொருத்தும் இடைவளையத்தில், ஏறாது. எம்42-வின் ஃபிளாஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை) 45.46 மி.மீ. சோனி இ-மவுண்டில் அது 18 என்பதால் 27.46 மி.மீ. நீள அடாப்டர் வேண்டும். மலிவான அடாப்டர் சற்றுக் குட்டையாக இருந்தால் குவியம் முடிவிலியை (வெகு தொலைவை) தாண்டி ஓடும், நீளமாக இருந்தால் தூரத்துக் கோபுரம் எப்போதும் மங்கல்தான். நிக்கான் எஃப் கேமராவில் (46.5) கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் முடிவிலியே கிடைக்காது, கண்ணாடி வைத்த அடாப்டர் படத்தைக் கெடுக்கும். அதில் போடாமல் இருப்பதே நல்லது.

கையில் வந்ததும் ஏ/எம் (தானியங்கி/கைமுறை) சுவிட்சை 'ஏ'-யில் வைத்து, அபர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருப்பி, பின்புறக் குச்சியை அழுத்தி விடுங்கள். அபர்ச்சரின் ஆறு இதழ்களும் டக்கென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பி நகர்ந்தால் இதழில் எண்ணெய். ஹெலிகாய்டு (குவியம் திருப்பும் புரிப்பாகம்) கிரீஸ் பிரிந்து கசிவதுதான் காரணம். இந்தக் குடும்ப லென்ஸ்களுக்கு இது பிறவி வியாதி. இதழை மட்டும் துடைத்தால் சில மாதத்தில் திரும்பிவிடும், பழைய கிரீஸையும் மாற்ற வேண்டும். பிறகு செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. ஹூட் தளர்ந்து தானே சரிவதும் சகஜம், அதற்காக விட்டுவிட வேண்டாம்.

முன்வளையம் திருகுப் பாகம், கழற்றி மாற்றக்கூடியது. அதனால் பெயரை நம்புவதைவிடக் கண்ணாடியைப் பார்ப்பது மேல்.

படம் எப்படி? 3.5-லேயே நடுப்பகுதி கூர்மை. வெயிலில் பளபளக்கும் பாத்திர விளிம்பில் ஊதா ஓரம் கட்டும். 5.6-ல் அது பெருமளவு அடங்கி, மூலைகளும் எழுந்து வரும். 1 மீட்டர் வரை நெருங்க விடுவது இதன் பெரிய பலம்; இதே காலத்து 135-களில் பல 1.5 மீட்டரோடு நின்றுவிடும். எதிர்வெயிலில் ஹூட்டை இழுக்காமல் எடுத்தால் படம் வெளிறும். அடாப்டரில் போடும்போது சுவிட்சை 'எம்'-இல் வைக்க மறந்தால் அபர்ச்சர் மூடாது. வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் 3.5-லேயே நிற்கும்.