காதுக்குள் கட்டி: எடுப்பதா, விட்டுவைப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் அக்கா மகளுக்கு ஏழு வயது. வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சளி, அழுக்கு என்று சொட்டு மருந்திலேயே ஒரு வருடம் போனது. அப்புறம்தான் சிடி ஸ்கேனில் செவிப்பறைக்குப் பின்னால் ஒரு கட்டி தெரிந்தது.

அது உமிழ்நீர்ச் சுரப்பித் திசு. வாயில் இருக்க வேண்டியது, கருவிலேயே இடம் மாறி நடுச்செவியில் உட்கார்ந்துவிட்டது. பெயர் கொரிஸ்டோமா. 1961இல்தான் மருத்துவ இதழில் முதலில் பதிவானது. புற்று இல்லை, பொதுவாக வளர்வதும் இல்லை.

“கட்டின்னா எடுத்துடணும்” என்றார் அம்மா. கட்டி ஒரு காம்பில் தனியாகத் தொங்கினால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் இந்தக் கட்டி இருக்கும் காதில், ஒலியை உள்காதுக்குக் கடத்தும் சிறு எலும்புகளான பட்டடை எலும்பும் அங்கவடி எலும்பும் பெரும்பாலும் கோணலாகவோ குறையாகவோ இருக்கும். கட்டி போனாலும் ஒலி கடக்க வழி இல்லை. எலும்புகளையும் சீரமைக்க வேண்டும், அதில் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைவிடப் பயம், முகத்தை அசைக்கும் முகநரம்பு. பல பிள்ளைகளுக்கு அது எலும்பு மூடாமல் கட்டியோடு ஒட்டிக் கிடக்கும். அதில் காயம் பட்டால் ஒரு பக்க முகம் செயலிழந்து, கண்ணை மூட முடியாமல் போகலாம்.

விட்டுவைப்பதென்றால், துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டுக் கட்டியை அப்படியே விடுவது. உள்காது நன்றாக இருப்பதால், ஒலியை மண்டை எலும்பு வழியாக உள்காதுக்கு அனுப்பும், தலைப்பட்டையில் மாட்டும் எலும்புவழிக் கருவி போதும். தொல்லை இல்லாமல் இல்லை: வியர்க்கும், நீச்சலுக்குக் கழற்ற வேண்டும், வகுப்பில் “அது என்ன?” என்று கேட்பார்கள். செவித்திறன் சோதனையும் தொடர வேண்டும்.

சோதனை முடிவு கையில் இல்லாமல் விட்டுவைக்கும் பேச்சே கூடாது. நடுச்செவியில் தோல் செல்கள் சேர்ந்து வளரும் கொலஸ்டியடோமா என்ற கட்டியும் இதே போல வெள்ளையாகத் தெரியும். அது எலும்பை அரிக்கும், எடுத்தே ஆக வேண்டும்.

கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனையா தனியாரா என்பதிலேயே வீட்டில் பாதிச் சண்டை. எனக்கு அது இரண்டாவது கேள்விதான். அறுவையில் செவிப்பறையைத் தூக்கிப் பார்த்தபோது கட்டி நரம்போடு ஒட்டியிருந்தது. மருத்துவர் துணுக்கோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அதில்தான் நிம்மதி. அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பிள்ளையோ தலைப்பட்டை ஊதா நிறத்தில்தான் வேண்டும் என்கிறாள்.