பழைய புல்லட்: அப்படியே ஓட்டுவதா, முழுசாகப் புதுப்பிப்பதா?

பெரியப்பாவின் 1978 மாடல் புல்லட் 350 என் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. டேங்கின் இரண்டு பக்கமும் அவர் முட்டி உரசி உரசிக் கறுப்பு போய்த் தகரம் தெரிகிறது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எப்ப ரெஸ்டோர் பண்ணப் போறீங்க?" என்றுதான். நான் பண்ணவில்லை. ஏறக்குறைய அதே வயதுள்ள, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் புல்லட்டை நண்பர் ஒருவர் கடைசி நட்டு வரை கழற்றிப் புதுப்பித்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செலவும் அழகும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ரிங், பிரேக் ஷூ, டயர், கேபிள், ஒயரிங் எல்லாம் சேர்த்து எனக்கு 22,000 ரூபாய். நண்பருக்கு ஒன்றரை லட்சம் தாண்டியது. எட்டு மாதம் வண்டி பட்டறையிலேயே கிடந்தது. பக்கத்தில் நிறுத்தினால் அவர் வண்டியைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது கழற்றிப் போடும் பாகங்கள்தான். இந்த வண்டியில் 40 வருடம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய இரும்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இன்றைய சந்தையில் கிடைக்கும் டூப்ளிகேட்டைப் போட்டால், பெயருக்குத்தான் அது பழைய புல்லட். நண்பரின் மட்கார்டு புதுசு. தட்டினால் சத்தமே வேறு, தகரம் அவ்வளவு மெல்லிசு. போல்ட் துளை சேராமல் ரவுண்ட் ஃபைல் போட்டு ராவி மாட்டினார்கள். புது ரிம்மில் குரோம் இரண்டாவது மழைக்காலத்திலேயே பொக்களித்தது. என் ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துரு உண்டு, ஆனால் டீசல் நனைத்த துணியால் துடைத்தால் அடியில் குரோம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. டேங்கில் இருக்கும் தங்கக் கோடு திருவொற்றியூர் ஆலையில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு மயிரிழை தடித்திருக்கும். பெயிண்டைச் சுரண்டினால் அதுவும் போச்சு.

என்ஜினும் இதே கதைதான். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள வார்ப்பிரும்பு சிலிண்டர். தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்குவதுதான் போரிங், ஒவ்வொரு போரிங்குக்கும் உள்சுவர் மெலியும். அதற்கு ஓர் எல்லை உண்டு. கம்ப்ரஷன் சரியாக இருக்கும்போது "எப்படியும் பிரித்தாச்சு, போரிங்கும் போட்டுடலாம்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் நான் வண்டியை விட மாட்டேன்.

அப்படியே வைத்திருப்பதிலும் வேலை உண்டு. பழைய ஒயர் உறை பொடிந்து டேங்குக்கு அடியில் உரசிக்கொண்டிருந்தது, அதைத் தயங்காமல் மாற்றினேன். டேங்குக்குள் இருந்த துருவைச் சின்ன ஜல்லி போட்டுக் குலுக்கி எடுத்தோம். மாதம் ஒருமுறை, பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி பார்க்க வேண்டும். வண்டி நிற்கிற இடத்தில் ஓர் அட்டை விரித்து வைத்திருக்கிறேன். ஆயில் சொட்டு தரையில் விழுந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

ஆர்சி (பதிவுச் சான்று) விஷயமும் பார்க்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது சேசிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்து எடுப்பார்கள். நண்பர் வண்டியில் பவுடர் கோட்டிங் அந்த எண்ணுக்குள் போய் அடைத்துக்கொண்டது. புது கோட்டிங்கைச் சுரண்டித்தான் காட்ட முடிந்தது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும், 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியைத்தான் கேட்கிறது. என்னுடையதற்கு 2028-ல் அந்த வயது வரும். ஆனால் அந்த விதிப்படி தரும் 'VA' நம்பர் வாங்கினால் கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. எனவே எனக்கு அது வேண்டாம்.

விலை பற்றி அடித்துச் சொல்ல முடியாது, நான் பழைய வண்டி எதையும் விற்றதில்லை. என்னிடம் விலை கேட்டு வந்த இரண்டு பேருமே முதலில் குனிந்து என்ஜின் நம்பரைப் பார்த்தார்கள், பெயிண்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஜாவா, யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு மாறலாம். அவற்றை நான் வைத்திருந்ததில்லை.

வெள்ளத்தில் மூழ்கி வருடக்கணக்கில் நின்ற வண்டி, சேசிஸ் அரித்துப்போன வண்டி, ஏற்கெனவே பாதிப் பாகம் மாற்றிப்போட்ட வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுசாகப் பிரித்துவிடுங்கள். அப்போதும் பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி அன்றன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நண்பர் ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, அவருடைய அசல் மட்கார்டு இரண்டும் எடைக்குப் போயிருந்தன.