இடுப்பெலும்பிலிருந்தா, கை நரம்பிலிருந்தா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் தைப்பூசக் காவடிக்குக் கூடிய எங்கள் சொந்தங்களிடம் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளிக்குத் தானம் தருவது பற்றிப் பேச்செடுத்தேன். "முதுகெலும்பில் ஊசி குத்துவார்களாமே?" என்றார் அத்தை. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை அத்தை. வழி இரண்டு.

பழைய வழியில், மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, அந்தச் செல்கள் இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். சில நாள் வலி இருக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பெரிய வியப்பு. மஜ்ஜையில் உள்ள துணைச் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரந்து, ஸ்டெம் செல்களைத் தம்மருகே பிடித்து வைக்கின்றன. பெரும்பாலானவற்றை உறங்கவும் வைக்கின்றன. வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப் என்ற மருந்தை நான்கைந்து நாள் ஊசியாகப் போட்டால் அந்தப் புரதம் குறைந்து பிடி தளர்கிறது. செல்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் இயந்திரம் அவற்றைப் பிரித்துக்கொண்டு, மீதியை உடலுக்கே திருப்பிவிடும். அந்த நாட்களில் எலும்பு வலி உண்டு.

சரி, நோயாளிக்கு எது நல்லது? ரத்த வழிச் செல்கள் சீக்கிரம் வேர்பிடிக்கும். ஆனால் உறவல்லாதவர் தானத்தை ஒப்பிட்டு 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், வந்த செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் நாட்பட்ட கோளாறு ரத்த வழியில் 53 சதவீதம், மஜ்ஜை வழியில் 41. பிழைத்தவர் அளவில் பெரிய வித்தியாசமில்லை. மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத, புற்றுநோயல்லாத ஏப்லாஸ்டிக் அனீமியா என்ற நோய்க்கு மஜ்ஜை வழியே மேல்.