பழைய டேபிள் சா வாங்கப் போகிறீர்களா? பிளேடைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

"நல்ல கண்டிஷன்" என்று சொல்லி எங்கள் பட்டறைக்கு ஒரு 10 அங்குல டேபிள் சாவை (மேஜை நடுவே சுற்றும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின்) விற்றார்கள். புதுப் பெயின்ட், 3 எச்.பி. ஸ்டிக்கர். கடையில் 12 மி.மீ. பிளைவுட்டை ஓட்டிக் காட்டினார்கள், வழுக்கிக்கொண்டு போனது. பிளைவுட்டில் கோளாறு தெரியாது. அறுத்த வாய் மூடி பிளேடைப் பிடிக்காது. ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் விட்டதும் மோட்டார் திணறியது, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான தடுப்புச் சட்டம்) பக்கம் வெட்டுமுகம் கருகியது. வாங்கப் போகும்போது ஒரு கெட்டி மரத்துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்டிக்கரை உரித்தால் அடியில் மோட்டாரின் அசல் தகடு: 1.1 கிலோவாட், 7.2 ஆம்பியர். அது ஒன்றரை எச்.பி.தான். உண்மையான 3 எச்.பி. மோட்டார் 2.2 கிலோவாட், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் முழு லோடுக்கு 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், தகட்டைப் படியுங்கள்.

பிளேடு இன்னும் மோசம். பிளேடு மாட்டும் ஷாஃப்ட் 25.4 மி.மீ., பிளேடின் துளை 30 மி.மீ. நடுவில் இடைவெளியை நிரப்பும் வளையமான புஷ்ஷுக்குப் பதிலாகத் தகரத்தைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். 4,000 ஆர்.பி.எம்.மில் 10 அங்குல பிளேடின் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் மையம் தப்பிய பிளேடை ஓட்டவிட்டது மன்னிக்க முடியாத காரியம்.

கருகலுக்குக் காரணம் வேறு: பிளேடு கோணலாக நின்றது. அதை இப்படிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழுக்க உயர்த்தி, ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மேஜையில் நீளவாக்கில் ஓடும் மைட்டர் காடியிலிருந்து அளந்து, அதே பல்லைப் பின்னால் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடின் வளைவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கணும், இதில் 0.8. வழக்கமாக மேஜையின் போல்ட்டையோ டிரனியன் (அடியில் பிளேடைத் தாங்கும் பாகம்) போல்ட்டையோ தளர்த்தி, மெல்லத் தட்டிச் சரிசெய்யலாம். இங்கே டிரனியன் வார்ப்பிரும்பு வெடித்து, கோணலாக வெல்டிங் அடித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தது. டார்ச் அடித்து அடியில் பார்த்திருந்தால் அந்தப் புடைப்பு தெரிந்திருக்கும்.

ரிவிங் நைஃப், அதாவது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு, இல்லை. கேட்டதற்கு, "அது தொந்தரவுங்க, எல்லாரும் கழட்டிடுவாங்க" என்றார் விற்றவர். மரம் மூடிக்கொண்டு பிளேடின் பின்பல்லில் சிக்கினால் ஆளை நோக்கித் தெறிக்கும். அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். வேறு தகடு வாங்கினால் தடிமன் முக்கியம்: பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 1.8 மி.மீ. உடல், 2.8 மி.மீ. வெட்டு என்றால் 2.2 மி.மீ. பொருந்தும். பல்லிலிருந்து 3 முதல் 8 மி.மீ. தள்ளி நிற்கட்டும். அதை மாட்டும் பிராக்கெட்டே மெஷினில் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது பில்லை நீட்டினார்கள். அதில் "மர மெஷின் – 1" என்று மட்டும்தான் இருந்தது. மோட்டார் கிலோவாட், ஆம்பியர், சீரியல் நம்பர், ஷாஃப்ட் அளவு, ரிவிங் நைஃப், கார்டு (பிளேடு மூடி) எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.