நடுவழியில் நின்றதற்கு ஒரு ஸ்டார் கூடுதல்

போன வாரம் பிள்ளைகளோடு ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்தேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். போவதற்கு முன் படித்த விமர்சனங்களில் பாதிப் பேர் "ரோலர் கோஸ்டர் பாதியில் நின்றுவிட்டது, வெயிலில் காய்ந்தோம்" என்று ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தார்கள். எங்களுக்கும் நின்றது. அதற்காகவே நான் ஒரு ஸ்டார் கூடப் போடுகிறேன்.

அந்தத் தடத்தில் ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள் ஓடுகின்றன. ரயில் சிக்னல் மாதிரியே தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், முன்னால் போன வண்டி ஒரு பகுதியை விட்டு வெளியேறியது உறுதியாகத் தெரியும்வரை பின்னால் வருவதை உள்ளே விடமாட்டார்கள், சென்சாருக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் போதும், வண்டி நின்றுவிடும். நாங்கள் நின்றது ஏற்றத்தில், டக் டக் டக் என்று சத்தம் கேட்குமே, அந்த இடத்தில். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்க, ஒவ்வொரு பல்லிலும் கொக்கி விழுந்துகொண்டே வரும் சத்தம் அது. மகள் என் கையில் நகத்தைப் பதித்துவிட்டாள். கீழே பார்த்தால், ஆபரேட்டர் அறையிலிருந்து வயதான ஒருவர் நிதானமாக வெளியே வந்து, வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு வண்டியாக விரல் நீட்டி எண்ணினார். அப்புறம்தான் உள்ளே போனார். இறங்கியதும் கேட்டேன். "மெஷின் சும்மா நிறுத்தாதுங்க சார். சும்மாவே நிறுத்தினாலும் மூணும் என் கண்ணுல படாம பட்டனைத் தொடமாட்டேன்" என்றார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், ஸ்மைலர் என்ற கோஸ்டரில், சோதனைக்கு அனுப்பிய காலி வண்டி ஒன்று தடத்திலேயே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, ஆட்கள் இருந்த வண்டியை ஏற்றத்தில் நிறுத்தியது. பணியாளர்கள் அதைத் தவறான எச்சரிக்கை என்று நினைத்து, நிறுத்தத்தை மீறி வண்டியை அனுப்பினார்கள், அது போய்க் காலி வண்டியில் மோதியது. 16 பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கொரு கால் போனது. பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். அங்கே போய் எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

கோஸ்டர் சவாரி பற்றியும் சொல்ல வேண்டுமே, அருமை. தண்டவாளத்தின் மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரம் பிடித்திருப்பதால் தலைகீழாகப் போகும்போதுகூட வண்டி கழன்று போவதாகத் தோன்றவில்லை. வளையம் முழு வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதால் கழுத்தும் தப்பித்தது.

உயரத்துக்கு ஏற்றிச் சட்டென்று கீழே விழவிடும் டிராப் டவரில்தான் கோபம் வந்தது. அங்கிருந்த பையன் வரிசையாக நடந்தபடி பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு போனான், ஒருவருடைய தோள் கம்பியையும் இழுத்துப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "லைட் பச்சைன்னா லாக் ஆயிடுச்சுன்னு அர்த்தம் சார்." தம்பி, 2022-ல் அமெரிக்காவின் ஆர்லண்டோவில் இதே மாதிரி டவரிலிருந்து 14 வயதுப் பையன் விழுந்து இறந்தானே, அவன் இருக்கையிலும் விளக்கு எரிந்தது. கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே கூடுதல் இடைவெளி இருந்தாலும் ஒப்புக்கொள்ளும்படி அந்த சென்சாரை யாரோ கையால் மாற்றி வைத்திருந்தார்கள். டிசைன் செய்தவர் எவ்வளவு கணக்குப் போட்டிருந்தாலும், பின்னால் ஒருவர் ஸ்பேனரோடு வரப்போவதை அவர் எந்தச் சமன்பாட்டில் சேர்ப்பார்?

ஊஞ்சல் போல ஆடிச் சுற்றுகிற பெரிய ராட்டினத்தில் நாங்கள் ஏறவில்லை. பிள்ளைகள் அழுதார்கள், பரவாயில்லை. இருக்கைகளைத் தாங்கும் இரும்புக் கையின் வெல்டிங் ஓரத்தில், புது பெயின்டுக்கு மேலேயே பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது, தண்ணீர் உள்ளேயிருந்து வருகிறது என்றுதான் எனக்குப் பட்டது. 2017-ல் ஒஹாயோ மாநிலத் திருவிழாவில் இதே வகை ராட்டினத்தின் கை ஓடும்போதே முறிந்து ஒருவர் இறந்தார். 18 வருடம் ஓடிய இயந்திரம், உத்திரத்தின் உட்பக்கத்தைத் துரு தின்று தகடு மெலிந்திருந்தது. ஆய்வாளர்கள் பார்த்து அனுமதித்த ராட்டினம்தான் அது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு உள்ளே இருக்கும் துரு எப்படித் தெரியும், அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். அளந்தீர்களா என்று அலுவலகத்தில் கேட்டேன். "டெய்லி செக் பண்றோம் சார்" என்று ஒரு தாளைக் காட்டினார்கள். வாரம் முழுவதற்கும் ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக்.

தண்ணீர்ச் சறுக்கில் ஆட்களை எடை மெஷினில் ஏற்றி, கூட்டிப் பார்த்துப் படகில் உட்கார வைக்கிறார்கள். மூன்று நண்பர்களைப் பிரித்து அனுப்பியதில் கொஞ்சம் சண்டை நடந்தது. அந்தப் பெண் அசையவே இல்லை, சபாஷ்.

மொத்தத்தில் மூன்றரை. போகிறவர்கள் கோஸ்டரில் கடைசி வரிசையில் உட்காருங்கள், இறக்கம் அங்கேதான் நன்றாக இருக்கும். டவரில் கம்பியை நீங்களே ஒரு தடவை மேலே தள்ளிப் பாருங்கள். பழுப்புக் கோட்டைப் படம் எடுத்து அவர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே திருத்திப் போடுகிறேன்.