ஏடிவிக்குப் பனி தள்ளும் பிளேடு வாங்கி நான் பட்ட பாடு

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏடிவிக்கு (மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில் பிடித்துக் கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி) முன்னால் மாட்டி மண் தள்ளுகிற பிளேடு வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,850 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, அதற்கு மேல் பட்டறைக்கு 400 வெள்ளி அழுது, கடைசியில் வண்டியின் சட்டத்தையும் வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து வீடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து ஆட்கள் பாதிப்பேர் டவுனுக்குப் போய்விட்டாலும் எங்கள் வரிசையில் இன்னும் ஆறு வீடுகளும் ஒரு முனீஸ்வரர் கோயிலும் இருக்கின்றன. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வர 700 மீட்டர் செம்மண் பாதை. குலை ஏற்றும் லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் குழி, நடுவில் மேடு. அக்டோபர், நவம்பர் மழையில் கேட்கவே வேண்டாம், தீபாவளிக்கு வந்த தங்கை மகனின் கார் நடு மேட்டில் வயிறு தட்டி நின்று, ஆறு பேர் சேர்ந்து தூக்கி விட்டோம். தைப்பூசத்துக்குள் பாதையை நாமே சமப்படுத்திவிடலாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. என்னிடம் பழைய 400 சிசி ஏடிவி ஒன்று இருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கும், முன்னால் வின்ச்சும் (கம்பியைச் சுருட்டி இழுக்கிற மோட்டார்) இருக்கிறது. அப்புறம் என்ன, ஒரு பிளேடு மட்டும் வாங்கி மாட்டினால் போதும் என்று நினைத்தேன்.

போனில் தேடியபோது அந்த விளம்பரம் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தடித்த சட்டையோடு ஏடிவியில் உட்கார்ந்து முழங்கால் உயரப் பனியைப் பஞ்சு மாதிரி தள்ளிக்கொண்டு போகிறார். கீழே ‘மண், மணல், கல், சாணம் எல்லாம் தள்ளும்’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் மலையோரம் இறங்குகிற மூட்டம், இல்லையென்றால் ஐஸ் கச்சாங்குக்குச் சீவிப்போடுவது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விற்றவர் கிள்ளான் பக்கம், நம் ஆள்தான். நம் ஆள் என்பதால்தான் இரண்டாவது கேள்வி கேட்காமல் விட்டேன். “எந்த ஏடிவிக்கும் போடலாம்லா அண்ணே, யுனிவர்சல். நாலு நட்டுதான், அரை மணி நேர வேலை” என்றார். செம்மண் பாதை, லாரி ஓடுகிற பாதை என்று தெளிவாக எழுதி, வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் ஒன்று வந்தது. அந்தப் படத்தை அவர் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பது பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சாமானில் மூன்று பகுதிகள் உண்டு. பிளேடு ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகிற தள்ளுகுழாய் ஒன்று, அந்தக் குழாய் வந்து மாட்டுகிற தகடு ஒன்று. முதல் இரண்டும் பல வண்டிகளுக்குப் பொதுவாக இருக்கலாம். மூன்றாவது தகடு அப்படி இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் சட்டத்தின் குழாய் வேறு இடத்தில், வேறு அகலத்தில் இருப்பதால் மாடல் பெயரும் ஆண்டும் சொல்லித்தான் வாங்க வேண்டும். எனக்கு வந்த ‘யுனிவர்சல்’ என்பது நான்கு வளைந்த போல்ட்டும் ஓட்டை போட்ட ஒரு பட்டையும்தான். என் வண்டியில் எதுவும் உட்காரவில்லை. கேட்டால், “அண்ணே, அந்த பிளேட்டு தனி. 380 வெள்ளி, ஆர்டர் போட்டா ஆறு வாரம் ஆகும்” என்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன், அது அவருக்கும் தெரியும். தைப்பூசம் நெருங்கிவிட்டதே என்று டவுனில் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒரு தகடு அடித்து மாட்டினேன். அந்த அவசரம்தான் பிறகு எனக்கே ஆப்பு வைத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது அகலம். எனக்கு அவர் தந்தது 48 அங்குலம். “சின்ன வண்டிக்குச் சின்ன பிளேடுதான் நல்லது” என்றார். நேராகத் தள்ளும்போது சரி. ஆனால் மண்ணை ஓரத்தில் ஒதுக்க வேண்டுமானால் பிளேடைச் சாய்வாகத் திருப்ப வேண்டும், 30 பாகை திருப்பினால் 48 அங்குலம் 42-க்கும் குறைவாகிவிடும். என் வண்டியின் டயர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 46 அங்குலம். ஆக, ஒதுக்காத மண்மேல் ஒரு பக்கச் சக்கரம் ஏறிக்கொண்டே வரும், வண்டி சாயும், சமப்படுத்திய இடத்தில் டயர் மறுபடி தடம் போடும். 60 அங்குலம் வாங்கியிருந்தால் அதே சாய்வில் 52 கிடைத்திருக்கும். அளவு நாடாவை எடுத்து ஐந்து நிமிடம் செலவழிக்காதது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இனிதான் பெரிய விஷயம். பிளேடுக்குப் பின்னால் இரண்டு தடித்த ஸ்பிரிங் இருக்கும். பனிக்கு அடியில் தெரியாமல் கிடக்கிற கல், சாலையோரக் கட்டை எதிலாவது கீழ் விளிம்பு இடித்தால் பிளேடு முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்து கொடுக்கும், தாண்டியதும் ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்திவிடும். வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பனி நாட்டில் அடியில் கெட்டியான தரை, மேலே லேசான பனி, இரண்டும் வேறு வேறு. அங்கே பிளேடு எதையும் வெட்ட வேண்டியதில்லை, வழித்தால் போதும். எங்கள் பாதையில் தள்ள வேண்டியதும் மண், அடித்தரையும் மண். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 100 கிலோவுக்குள்தான் இருக்கும், ஈர மண் 1,800 கிலோ பக்கம் வரும். நடு மேட்டில் பிளேடை வைத்து இரண்டு அடி போனால் டமால் என்று மடங்கும், நிமிரும், மறுபடி மடங்கும். பாதை சமமாவதற்குப் பதிலாகத் துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியாக ஆனதுதான் மிச்சம்.

போதாததற்குப் பெட்டியில் சறுக்குப் பாதம் இரண்டும் இல்லை. பிளேடின் இரண்டு ஓரத்திலும் மாட்டுகிற இரும்புப் பாதம் அது, விளிம்பைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், கல் பாதையில் கல்லோடு சேர்த்து வாராமல் இருக்கும். விளிம்பில் போல்ட் போட்டு மாட்டுகிற தேய்மானப் பட்டையும் இல்லை. அந்தப் பட்டை தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம், புதிதும் மாற்றலாம். எனக்கு வந்ததில் பிளேடே தேய வேண்டியதுதான், மூன்று காலை வேலைக்குள் விளிம்பு அலை அலையாகிவிட்டது.

வின்ச் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிளேடைத் தூக்கி இறக்குவது வின்ச்தான், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தூக்க வேண்டும். முழுக்கத் தூக்கிய பிறகும் பட்டனை விடாமல் பிடித்தால் கம்பி ஒரே இடத்தில் நைந்து அறுந்துவிடும். எனக்கு இரண்டாம் நாளே அறுந்தது. பேட்டரியும் இறங்கியது, ஏனென்றால் மெதுவாக ஓடும்போது வண்டி ஏற்றுகிற மின்சாரம் இத்தனை தூக்கலுக்குப் போதாது. கம்பிக்குப் பதில் நைலான் பட்டை போட வேண்டும் என்றும், லோ கியரில்தான் தள்ள வேண்டும் என்றும் பெட்டியிலிருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. முதல் அரைநாள் நான் ஹையிலேயே ஓட்டி பெல்ட் கருகிய வாடை வந்தது, அந்தப் பழியை அவர் மேல் போட மாட்டேன்.

ஸ்பிரிங் மடங்குகிறதே என்று கேட்டதற்கு அவர் சொன்ன வைத்தியம்தான் என்னால் மன்னிக்க முடியாதது. “ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு போல்ட் போட்டு லாக் பண்ணுங்கண்ணே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” நானும் செய்தேன். மறுநாள் பழைய ரப்பர் மரத்து வேர் ஒன்று மண்ணுக்குள் இருந்தது தெரியாமல் இடித்தேன். பிளேடு மடங்கவில்லை, வண்டிதான் நின்றது. நான் ஹேண்டில் மேல் போய் விழுந்ததில் நெஞ்சு ஒரு வாரம் வலித்தது, தள்ளுகுழாய் வளைந்தது, அடிச் சட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தயவுசெய்து அந்த ஸ்பிரிங்கில் யாரும் கை வைக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது “நீங்க வெல்டிங் பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு. பில்லிலேயே போட்டிருக்கு, விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது” என்றார். அதோடு பேச்சை நிறுத்தி என் எண்ணையும் தடுத்துவிட்டார். ஆனால் பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்குப் பொருள் பொருந்த வேண்டும், வர்ணித்தபடியும் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒரு வரி எழுதிப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, வீட்டுக்கு வாங்கியதா வியாபாரத்துக்கு வாங்கியதா என்று பார்ப்பார்கள். குலை ஏற்றுகிற தொழிலுக்காக வாங்கியவர்களுக்கு இந்த வழி ஒத்துவராமல் போகலாம். நான் வீட்டுப் பாதைக்கு என்று எழுதிய செய்தி, அடிப்பக்கப் படம், அந்தக் கட்டை விரல், ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்ன குரல் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஈப்போவுக்குப் போய் வழக்குப் பதிந்தேன்.

பாதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு மாமா, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், என் பாட்டைப் பார்த்துவிட்டு, “முன்னாடி தள்ளாதடா, பின்னாடி இழு” என்றார். பழைய இரும்பு பீம் இரண்டை ஒன்றரை அடி இடைவெளியில் இணைத்துச் சங்கிலி போட்டுத் தந்தார், இரும்புக் கடைச் செலவு 180 வெள்ளி. முதல் பீம் மேட்டைச் சுரண்டும், இரண்டாவது அந்த மண்ணைக் குழியில் பரப்பும். இடி எல்லாம் பின் கொக்கியில்தான், முன் சட்டத்தில் இல்லை. மழை விட்டு ஒரு நாள் கழித்து, மண் சேறாகவும் இல்லாமல் புழுதியாகவும் இல்லாமல் இருக்கும்போது நான்கு தடவை இழுத்தோம். அடிச் சட்டம் கோணிய வண்டியை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் போக முடிந்தது. ஆனாலும் தைப்பூசத்துக்கு முந்தின நாள் பால்குடம் எடுக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வேன் உள்ளே வந்துபோனது.

பிளேடைத் தூக்கி எறியவில்லை. குழாயை நிமிர்த்தி, ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, கோயில் சிமெண்டுத் தரையில் சருகும் வெட்டிப்போட்ட மட்டையும் ஒதுக்க வைத்திருக்கிறோம். கெட்டித் தரை, மேலே லேசான குப்பை, அதற்கு அருமையாக வேலை செய்கிறது.

விசாரணைத் தேதி அறிவிப்பு கைக்குப் போன பிறகு பிளேடு விற்றவரே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, “அண்ணே, பேசித் தீர்த்துக்கலாமே” என்றார். 1,100 வெள்ளி வந்திருக்கிறது. மீதிக்கு அடுத்த மாதம் என்கிறார், நான் வழக்கை இன்னும் மீட்டுக்கொள்ளவில்லை.