கேபிளுக்குக் கடன், மாதக் கட்டணத்துக்குக் கொடை: வெர்மாண்ட் கிராமங்களின் இணையக் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மாண்ட்டின் மக்கள்தொகை ஆறரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2020 கணக்கெடுப்பின்படி அதில் ஏறக்குறைய 65 சதவீதம் பேர் கிராமப்புறத்தில் இருக்கிறார்கள். ஐம்பது மாநிலங்களில் இதுதான் அதிகம். மலை, காடு, பனி உருகும் மாதங்களில் சக்கரம் புதையும் மண்சாலை, அதிலிருந்தும் உள்ளே தள்ளி மரங்களுக்கு நடுவே ஒற்றை வீடு. இந்த நிலத்தில் மைல் கணக்கில் கேபிள் இழுத்து, கிடைக்கும் விரல்விட்டு எண்ணும் வீடுகளிடம் காசு வசூலித்து எப்போது லாபம் பார்ப்பது என்று பெரிய கம்பெனிகள் யோசித்ததில் ஆச்சரியமில்லை.

அரசுப் பணம் வருகிறது, ஆனால் அதை நம்பி ஆண்டுக் கணக்குப் போட முடியாது. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் கேபிள் பதிக்க 4,245 கோடி டாலரும், மக்களை இணையத்துக்குப் பழக்கும் வேலைகளுக்கு 275 கோடி டாலரும் ஒதுக்கினார்கள். இரண்டாவதை 2025 மே மாதம் டிரம்ப் நிர்வாகம் நிறுத்தியது. மாதக் கட்டணத்தில் 30 டாலர் தள்ளுபடி தந்த ஏ.சி.பி. திட்டம் அதற்கு முன்பே, 2024 ஜூன் தொடக்கத்தில், பணம் தீர்ந்து முடிந்துபோயிருந்தது. கடைசியில் அதில் நாடு முழுக்க சுமார் 2.3 கோடி குடும்பங்கள் இருந்தன.

ஆக, தனியாரிடம் கை நீட்ட வேண்டிய நிலை. சரி, எதற்கென்று கேட்பது? இப்படி ஒரு நிதி திரட்டும் குழுவை எங்கே கூட்டினாலும் நாலு கட்சி உண்டு. கேபிள் போடுவோம் என்பவர், கணினி வாங்கிக் கொடுப்போம் என்பவர், மாதக் கட்டணத்தைக் கட்டுவோம் என்பவர், சொல்லித்தர ஆள் வைப்போம் என்பவர். நாலும் நல்ல காரியம்தான். ஆனால் நன்கொடைப் பணம் நாலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

முதலில் கேபிள். நன்கொடை கொடுப்பவருக்கு இதுதான் பிடிக்கும். ரிப்பன் வெட்டலாம், கண்ணுக்குத் தெரியும். ஆனால் இது பணத்தை விழுங்கும். கம்பத்தில் ஏற்கெனவே தொங்கும் வயர்களை மேலும் கீழும் நகர்த்தி இடம் பண்ணித் தருவதற்கே கம்பத்தின் சொந்தக்காரருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மைலுக்குப் பல பத்தாயிரம் டாலர் போய்விடும். ஊரெல்லாம் சுற்றி ஐந்து லட்சம் டாலர் நன்கொடை திரட்டினாலும், வரைபடத்தில் ஒரு மண்சாலையும் அதன் இரண்டு கிளைகளும்தான் நிறம் மாறும்.

இதற்கு வெர்மாண்ட்காரர்களே கண்டுபிடித்த மாற்று வழி ஒன்று இருக்கிறது. இந்த அலசலை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

வெர்மாண்ட்டில் மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை டவுன் மீட்டிங் நாள். ஊர்க்காரர்கள் நேரில் கூடி பட்ஜெட்டுக்கும் ரோடு போடுவதற்கும் ஓட்டுப் போடுவார்கள். 2008-இல் அப்படிக் கூடியபோது, கிழக்கு மத்திய வெர்மாண்ட்டின் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து சொந்தமாக ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், போடுவதென்று முடிவெடுத்தன. ஈ.சி.ஃபைபர் பிறந்தது அப்படித்தான். பெரிய முதலீட்டாளர்களிடம் மொத்தமாகப் பணம் வாங்குவதாகத் திட்டம். அதே வருடம் வால்ஸ்ட்ரீட் சரிந்தது, திட்டமும் கூடவே சரிந்தது.

அப்புறம் அவர்கள் ஊர்க்காரர்களிடமே போனார்கள். தானமாகக் கேட்கவில்லை, கடனாகக் கேட்டார்கள். ஒரு பங்கு 2,500 டாலர், எழுதித் தருவது புரோநோட்டு. அந்தப் பணத்தில் பர்னார்ட் என்ற சிறிய ஊரில் 2011-இல் முதல் இணைப்புகள் உயிர்பெற்றன. அடுத்த சில வருடங்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 70 லட்சம் டாலர் இப்படிச் சேர்ந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தார்கள்; ஆளுக்கொரு கை வடம் பிடித்ததற்கு ரசீதும் வட்டியும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். 2015-இல் சட்டம் மாறி, பல ஊர்கள் சேர்ந்து தகவல் தொடர்புக்கென ஒரு கூட்டமைப்பு அமைக்க வழி பிறந்தது. ஈ.சி.ஃபைபரும் அப்படி ஒரு கூட்டமைப்பாக மாறி, 2016-இல் கடன் பத்திரச் சந்தையில் 90 லட்சம் டாலர் திரட்டியது. அதைப் பார்த்து மாநிலத்தின் மற்ற பகுதிகளும் கூட்டமைப்பு அமைத்தன. இதில் முக்கியமான ஒரு கட்டுப்பாடு: இந்தக் கூட்டமைப்புகள் ஊர் வரிப்பணத்தைத் தொடக் கூடாது. தோற்றால் ஊர் தலையில் விழாது.

நன்கொடையையும் இந்தக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கலாம். கடன் கொடுத்தவருக்கு அது இல்லை, ஆனால் பணம் திரும்பி வரும். அதனால்தான் நூறு டாலர் நன்கொடை தர யோசிப்பவர் 2,500 டாலர் கடன் தர முன்வருகிறார். இன்னொன்று, கடன் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். தானே முதல் ஆளாக இணைப்பு வாங்குவார், பக்கத்து வீட்டுக்காரரையும் வாங்கச் சொல்லி நச்சரிப்பார். வெர்மாண்ட்டில் நியூயார்க், பாஸ்டன்காரர்களின் விடுமுறை வீடுகள் ஏராளம். மலை வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசைப்படும் இவர்களிடம் பணமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இவர்களிடம் ஃபைபருக்கு நன்கொடை கேட்பது வீண். கடன் கேட்பதுதான் நியாயம்.

குறை இல்லாமல் இல்லை. கடன் என்றால் வருமானம் வேண்டும். அதனால் கடன் பணத்தில் ஓடும் கேபிள் முதலில் காசு கட்டக்கூடிய வீடுகள் இருக்கும் சாலையில்தான் போகும். சாலைக் கோடியில், மலிவான டிரெய்லர் வீட்டில் இருப்பவரின் முறை கடைசியில்தான் வரும். கம்பி வாசல் வரை வந்த பிறகும் அவரால் மாதாமாதம் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது கட்சி, கணினி. “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பார்கள். இங்கே அவசியம் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து தாருங்கள் என்று ஒரு சனிக்கிழமை அறிவித்துப் பாருங்கள், மேசை நிறைந்துவிடும். ஒன்றுக்கு சார்ஜர் இருக்காது. ஒன்றில் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒன்றில் பழைய ஆபீஸின் பூட்டு இன்னும் கழற்றப்படாமல் கடவுச்சொல் கேட்கும். மிச்சமிருப்பதில் பாதி விண்டோஸ் 11 ஏறாத வயசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் வேறு இயங்குதளம் ஏற்றிக் கொடுக்கலாம், அதைத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். நூறு வீட்டிலிருந்து நூறு ரகம் வாங்குவதைவிட, ஒரே ஆபீஸ் ஒரே மாடலில் கழிக்கும் முப்பது லேப்டாப் எவ்வளவோ மேல். ஒரே சார்ஜர், ஒரே அமைப்பு, ஒன்று போனால் அதன் பாகம் இன்னொன்றுக்கு ஆகும்.

பெருந்தனவந்தர் ஒருவர் மொத்தமாகப் புதுசாகவே வாங்கித் தந்தால்? அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1997-இல் தொடங்கி கேட்ஸ் அறக்கட்டளை ஐம்பது மாநிலங்களின் பொது நூலகங்களுக்கும் இணையக் கணினிகள் கொடுத்தது. பெரிய காரியம். ஆனால் கணினிக்கு ஐந்தாறு வருடம்தான் ஆயுள். அடுத்த தொகுதியை யார் வாங்குவது? இந்தக் கேள்விக்கு நூறு வருடம் முன்பே ஆண்ட்ரூ கார்னகி பதில் வைத்திருந்தார். அவர் அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தவர். வெர்மாண்ட்டின் பர்லிங்டன் நகரிலும் அந்தக் கட்டடம் ஒன்று இருக்கிறது. நான் கட்டித் தருகிறேன், ஆனால் கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் நூலகத்தை நடத்தும் செலவுக்கு ஊர் ஒதுக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. யானையைக் கொடுத்துவிட்டுத் தீனிக்குத் திண்டாட விடவில்லை. இன்று கணினி நன்கொடை கேட்பவர்கள் தங்களுக்குத் தாங்களே இந்த நிபந்தனையைப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, மாதக் கட்டணம். இதற்கு நன்கொடை கேட்பதுதான் கஷ்டம். யாருக்கோ இன்டர்நெட் பில் கட்டினேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கவர்ச்சியும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை. ஏ.சி.பி. தந்த அதே 30 டாலரை ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்கக் கொடுக்க 360 டாலர். ஆயிரம் குடும்பத்துக்கு 3,60,000 டாலர். அசலைத் தொடாமல் வருடத்துக்கு நாலு சதவீதம் எடுத்துச் செலவழிப்பதாக வைத்தால் 90 லட்சம் டாலர் நிரந்தர நிதி வேண்டும். மாநிலம் முழுக்க என்றால் பத்தாயிரம் குடும்பத்தையாவது நினைக்க வேண்டும். அதற்கு ஒன்பது கோடி டாலர். இவ்வளவு சின்ன மாநிலத்தில் அது நடக்காத காரியம். இப்போதும் இருக்கும் லைஃப்லைன் என்ற மத்தியத் தள்ளுபடி மாதம் 9.25 டாலர்தான்.

ஆனால் ஒரு கூட்டமைப்பு அளவில் இருநூறு, முந்நூறு குடும்பம் என்றால் கைக்கு எட்டும். முன்னே நிறுத்திவைத்த கேள்வி இங்கேதான் வந்து சேர்கிறது. கம்பி ஏற்கெனவே சாலையில் ஓடுகிறது; கூடுதலாக ஒரு வீட்டைச் சேர்க்கும் செலவு கம்பத்திலிருந்து வாசல் வரைக்கும்தான். (வாசலே கால் மைல் உள்ளே இருந்தால் அதுவும் சுடும்.) நன்கொடை நிதி அந்த வீட்டின் கட்டணத்தில் பாதியைக் கட்டினால் அந்தக் குடும்பத்துக்கு இணையம் கிடைக்கிறது, கூட்டமைப்புக்கு ஒரு சந்தாதாரர் கூடுகிறார். கடன் கொடுத்த ஊர்க்காரரின் புரோநோட்டும் அந்த அளவுக்குப் பத்திரமாகிறது. ஒரே டாலர் இரண்டு வேலை செய்கிறது. கேபிளில் போட்ட நன்கொடை டாலர் இப்படிச் செய்வதில்லை. கேபிளுக்குக் கடன், கட்டணத்துக்குக் கொடை என்று நான் பிரிப்பது இதனால்தான். இணையக் கம்பெனிகள் தாங்களே தரும் மலிவுத் திட்டங்களை இந்த நிதிக்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. அவை அந்தக் கம்பெனியின் வயர் ஏற்கெனவே போகும் தெருவுக்கு மட்டும்தான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, சொல்லித்தரும் ஆள். அமெரிக்காவின் தேசியத் தொலைத்தொடர்பு நிர்வாகம் நடத்தும் கணக்கெடுப்புகளில், வீட்டில் இணையம் இல்லாதவர்கள் முதலில் சொல்லும் காரணம் “தேவையில்லை, ஆர்வமில்லை” என்பது. செலவு அதற்கடுத்துத்தான். தேவையில்லை என்பதில் பாதி உண்மை, பாதி கூச்சம் என்பது என் எண்ணம்.

எழுபது தாண்டிய ஒருவர் மருத்துவமனைத் தளத்தில் பரிசோதனை முடிவைப் பார்க்க உட்காருகிறார் என்று வையுங்கள். பெயர், கடவுச்சொல் எல்லாம் சரி. உடனே தளம், உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அவர் வீடு இரண்டு மலைக்கு நடுவில். கைப்பேசியில் சிக்னலே கிடையாது. காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனால் எண் வரும். திரும்பி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். வீட்டுக்குள் ஜம்மென்று ஃபைபர் ஓடுகிறது, மேசையில் நல்ல லேப்டாப் இருக்கிறது, கட்டணமும் கட்டியாகிவிட்டது. வைஃபை வழியாகவே அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும்படி கைப்பேசியில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இங்கே தட்டுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த ஒரு நிமிட வேலைக்காக மற்ற மூன்று செலவும் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஆளின் சம்பளத்துக்கு வைக்கப் பெயர்ப் பலகை கிடையாது, வட்டி கிடையாது. 2025-இல் நின்றுபோன 275 கோடி குறி வைத்திருந்ததும் இந்த மாதிரி வேலையைத்தான். நான் குழுவில் இருந்தால் பொதுமக்களிடம் இதற்காக உண்டியல் குலுக்க மாட்டேன். வட்டார மருத்துவமனைக்கும் உள்ளூர் வங்கிக்கும் போவேன். வீடியோவில் டாக்டரைப் பார்க்கத் தெரிந்த நோயாளி பனிக்காலத்தில் சந்திப்பைத் தவறவிட வாய்ப்பு குறைவு. ஆன்லைனில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் போலி மின்னஞ்சலையும் அடையாளம் காணக் கற்றிருந்தால் வங்கிக்கும் தலைவலி குறைவு. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று ஊர் நூலகங்களைச் சுற்றி வரும் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளம் என்று எழுதிக் கேட்பேன். ஒரு வருடத்துக்குக் கேட்டால், நோயாளிகள் அவர் பெயரைப் பழகிக்கொள்வதற்குள் அவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.